பால் காய்ச்சப் போன வழி

வீடு பார்க்கப் போன அன்று நான் கேட்ட கேள்விகளை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். தண்ணீர் நாள் முழுக்க வருமா? அடைமழைக்குக் கூரை ஒழுகுமா? கக்கூஸ் உள்ளேயா வெளியேயா? கரண்ட் மீட்டர் தனியா? பக்கத்து வீட்டுச் சுவரும் இந்த வீட்டுச் சுவரும் ஒன்றா, வேறா?

கடைசிக் கேள்விக்கு வீட்டுக்கார மாஸ்டர் சிரித்துவிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்து, கொட்டகலையிலேயே வீடு கட்டி, பென்ஷனும் எடுத்துவிட்டவர். மகளோடு போய் இருக்கப்போவதால் வீட்டை விற்கிறார். "என்ன பிள்ளை கேக்கிறீர், நாலு பக்கமும் காணி கிடக்குது. சுவர் எப்பிடி ஒண்டாகும்?" என்றார்.

அவருக்கு அது புரியாது. நான் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் முடித்துப் புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்து குடியிருந்தது எல்லாம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான ஒரே லயத்தின் ஒற்றை அறையில், ஒரே காம்பராவில். இடப்பக்கச் சுவரும் எங்களுடையதல்ல, வலப்பக்கச் சுவரும் எங்களுடையதல்ல. அந்தப் பக்கம் ஒருவர் இருமினால் இந்தப் பக்கம் நாங்கள் விழித்துக்கொள்வோம். நானும் அவரும் சண்டை போட்டால் மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது நியாயம் சொல்ல நாலு பேர் வருவார்கள். வாசல் என்று ஒன்று இருந்தது, ஆனால் பன்னிரண்டு குடும்பத்துக்கும் அதுதான் நடைபாதை. உட்கார்ந்து தலை வாரினால், போகிறவர் வருகிறவர் எல்லாம் பேன் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். அதனால் மாஸ்டர் சிரித்தாலும் பரவாயில்லை என்று நாலு சுவரையும் கையால் தட்டினேன். தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இத்தனையும் கேட்ட நான், ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறி வருகிற பாதை யாருடையது என்று கேட்கவில்லை.

மறந்துபோய் விட்டதல்ல. கேட்கத் தோன்றவே இல்லை. தோட்டத்தில் பாதைக்குச் சொந்தக்காரர் என்று ஒருவரை நான் கண்டதே கிடையாது. காம்பராவும் தேயிலையும் ரோட்டும் எல்லாம் தோட்டத்துடையது. எதுவும் நம்முடையதில்லை என்பதால் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். பள்ளிக்கூடத்துக்குத் தேயிலைக்குள் குறுக்கே இறங்குவோம், கோயிலுக்குத் தண்ணீர் ஓடும் கானைத் தாண்டி ஏறுவோம். நாலு பேர் நடந்தால் பாதை. அப்படி வளர்ந்த ஒருத்தி, அழகாகச் சிமெந்து போட்ட படிகளில் ஏறி, முன்வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டி நடந்து, பின்னால் இருக்கும் மாஸ்டர் வீட்டு முற்றத்தில் வந்து நின்றால், பாதை நன்றாக இருக்கிறது என்றுதான் நினைப்பாள். நானும் அதைத்தான் நினைத்தேன். படிகளை எண்ணிக்கூடப் பார்த்தேன், அம்மாவின் முழங்கால் தாங்குமா என்று.

அவசரத்துக்குக் காரணமும் அம்மாதான். நாற்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்துவிட்டு அந்த வருஷம்தான் பேர் வெட்டியிருந்தாள். செக்ரோல் என்கிற சம்பளப் பதிவிலிருந்து ஒருவர் பெயரை எடுத்துவிடுவதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம். வீட்டில் வேறு யாருக்கும் தோட்டத்தில் பேர் கிடையாது. நான் ஹட்டனில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுக்கிறவள். என் வீட்டுக்காரர் நானுஓயா ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களை நுவரெலியாவுக்கு ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறவர், அதுவும் அடுத்தவர் வேன். வேலைக்கு வருகிற குடும்பங்களுக்கே காம்பரா போதவில்லை, உங்களுடையதைத் திருப்பித் தாருங்கள் என்று தோட்ட ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அம்மாவின் சேமலாபப் பணம், என் நகை, அவருடைய சீட்டுப்பணம் எல்லாம் மாஸ்டர் வீட்டுக்கே போனது. அது கை நழுவினால் மூன்று பேருக்கும் போக்கிடம் இல்லை. இதைத் தெரிந்துகொண்டேதான் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுப் பத்திரத்தை, எங்கள் பேச்சில் உறுதியை, எழுதிய வக்கீல் கேட்டார். பொய் சொல்லக்கூடாது, கேட்கத்தான் செய்தார். பழைய பிளானை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, "பாதை எப்படிம்மா?" என்றார்.

"பாதை இருக்குங்க சார். அதுலதானே போயிப் பாத்தோம்" என்றேன்.

அவரும் தலையாட்டினார். வெளியே பெஞ்சில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். என் புருஷன் பக்கத்தில் பவ்வியமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு வக்கீல் ஆபீசில் உட்காரவே வராது.

வீடு வாங்குகிற அந்த இரண்டு மாதமும் எனக்கு நிம்மதி இல்லை. ஆய்வுகூடத்தில் ஆட்கள் குறைந்த நேரங்களில் பிரஷர் பார்க்கும் பட்டியை என் கையிலேயே சுற்றிக்கொள்வேன். நூற்றைம்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள் வருகிற டொக்டர் அதைப் பார்த்துவிட்டார். மன அழுத்தம் கூடாது, மூச்சை ஆழமாக இழுத்து மெதுவாக விடுங்கள், தினமும் அரை மணி நேரம் நடங்கள், வேண்டாத யோசனை வந்தால் மனதை வேறு பக்கம் திருப்புங்கள் என்றார். நல்ல மனிதர். கொழும்பில் அவருக்கு இரண்டு வீடு என்று கேள்வி. நான் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டே, கூரைக்கு நடுவில் இருக்கும் பலகை உளுத்திருந்தால் என்ன செய்வது என்று யோசித்தேன். கரையான், கிணறு, மண்சரிவு, உறுதியில் கள்ளக் கையெழுத்து, எல்லாவற்றையும் யோசித்துப் பயந்தேன். பயப்பட வேண்டியதை மட்டும் விட்டுவிட்டேன்.

அம்மாவை ஒருமுறைதான் அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனேன். சமையலறையைப் பார்ப்பாள், ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நேராகப் பின்கதவைத் திறந்துகொண்டு போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கான், கானுக்கு அப்பால் தேயிலை. அம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு.

"அடியே, இது நம்ம பதிமூணாம் நம்பர் மலை! இந்தக் கடைசி நெரையில எத்தன நாள் கொழுந்து எடுத்திருக்கேன். இவரு வீட்டு நாய்தான் என்னப் பாத்து கொலைக்கும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தேயிலையை விட்டு வெளியேற வேண்டும் என்று வீடு வாங்கினால், அது பின்வாசலில் வந்து நிற்கிறது. "ஜன்னலுக்குத் துணி போட்டுக்கலாம்" என்றேன் வெடுக்கென்று.

உறுதி எழுதி முடிந்தது. மாஸ்டர் சாவியைக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினார். பால் காய்ச்ச நாள் பார்த்தோம், காலை ஏழு மணிக்கு முன்னால் நல்ல நேரம். முதல் நாள் மத்தியானம் அம்மா காம்பராவைக் கழுவி, அடுப்படியைச் சாணி போட்டு மெழுகி, பூட்டி, சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தாள். யார் வரப்போகிறார்களோ அவர்களுக்கு அடுப்படி சுத்தமாக இருக்கட்டும் என்றாள். அன்றிரவு பக்கத்துக் காம்பராவில் படுத்தோம். அதே சுவர்தான், மறுபக்கத்திலிருந்து பார்த்தேன்.

விடிந்ததும் லயமே கிளம்பியது. சேலை கட்டிக்கொண்டு பெண்கள், குடமும் விளக்குமாக ஒருத்தி, உப்பும் மஞ்சளும் தூக்கிக்கொண்டு ஒருத்தி. என் கையில் புதுப் பால்சட்டி. அம்மா தலையில் முருகன் படம், பின்னால் என் புருஷன் இரண்டு மெத்தையைச் சுருட்டிச் சுமந்துகொண்டு வந்தார். வேனை ரோட்டில் நிறுத்திவிட்டுப் படியேறினோம். நான்தான் முதலில் போனேன். மேல் படியில் கால் வைத்து, முன்வீட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினேன்.

பாதை இல்லை.

தகரம் இருந்தது. புத்தம்புதுக் கூரைத் தகரம், சுவரிலிருந்து மண்மேடு வரை, ஆளுயரத்துக்கு மேல். இரண்டு கம்பம் நட்டு, தகரத்தை ஆணியால் அறைந்து, மேலே முள்ளுக்கம்பி இழுத்திருந்தார்கள். முந்தின நாள் காலையில் என் புருஷன் வந்து விளக்கு மாட்டிவிட்டுப் போனபோது அது இல்லை.

முதலில் எனக்கு வந்த யோசனையைச் சொன்னால் சிரிப்பீர்கள். தவறான வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தேன். திரும்பி ரோட்டைப் பார்த்தேன். வேன் நிற்கிறது, எதிரே பேக்கரி இருக்கிறது, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. மறுபடி தகரத்தைப் பார்த்தேன். தகரத்துக்கு மேலால் என் வீட்டுக் கூரையின் நுனி தெரிந்தது. பின்னால் படியில் ஆட்கள் வரிசையாக நின்றுகொண்டு, "என்னடி நின்னுட்ட, ஏறு ஏறு" என்கிறார்கள். இரத்தத்தைக் கண்டு மயங்கி விழுகிற எத்தனையோ பேரைத் தாங்கிப் பிடித்தவள் நான். அன்றைக்கு நானே அந்தத் தகரத்தில் சாய்ந்துகொண்டேன்.

முன்வீட்டுக் கதவு திறந்தது. ஐம்பது வயது இருக்கும், நைட்டிக்கு மேல் துவாயைப் போட்டுக்கொண்டு ஒரு அக்கா வந்து நின்றாள். வீடு பார்க்க வந்த நாளெல்லாம் ஜன்னலில் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அவள் பதிலுக்குச் சிரித்ததில்லை என்பது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

"மாஸ்டர் இருக்கிற வரைக்கும்தான் விட்டேன்" என்றாள். "வயசானவரு, படிச்சவருன்னு பொறுத்துக்கிட்டேன். வீட்ட வித்தா பாதைய மூடிருவேன்னு அவருகிட்ட அப்பவே சொல்லியாச்சு. இது என் காணி. உறுதி வேணும்னா காட்டுறேன்."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் படியின் அடி வரைக்கும் கேட்டிருக்கும்.

என் புருஷன் மெத்தையை இறக்கி வைத்துவிட்டு மாஸ்டருக்குப் போன் போட்டார். மாஸ்டர் குரல் எனக்கே கேட்டது. "ஐயோ தம்பி, அவ ஏதோ கோவத்தில சொன்னவ எண்டெல்லோ நான் நினைச்சன். பதினெட்டு வருஷம் நடந்த பாதை. முந்தி அந்த வீட்டில இருந்த மனுசன் என்னோட நல்ல சிநேகிதம், நீர் நடவும் மாஸ்டர் எண்டு சொன்னவர். எழுத்தில ஒண்டும் இல்லைத் தம்பி." அவர் அழுதாரோ, இருமினாரோ தெரியவில்லை. திட்டவேண்டும் என்று போனைப் பிடுங்கினேன். பிடுங்கியதும் அணைத்துவிட்டேன்.

அம்மாதான் அசைந்தாள். தலையிலிருந்த சாமி படத்தைச் சரியாக்கிக்கொண்டு, "நேரம் போவுது. வாங்க, மலையால ஏறுவோம்" என்றாள்.

எல்லாரும் வந்த படியிலேயே இறங்கினோம். ரோட்டோரமாக நடந்து, பாலத்தடியில் பிரிகிற தோட்டப் பாதையில் ஏறி, பதிமூணாம் நம்பர் மலைக்குள் நுழைந்தோம். அம்மா முன்னால் போனாள். எந்த நிரைக்கு இடையில் கால் வைக்கலாம், எந்த இடத்தில் கான் ஆழம், எங்கே கல் வழுக்கும், எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. பனி இன்னும் காயவில்லை. பட்டுச்சேலைகள் இடுப்புவரை நனைந்தன. அட்டை கடித்து ஒருத்தி கத்தினாள், இன்னொருத்தி அந்த நிலையிலும் சிரித்தாள். நான் பால்சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் நடந்தேன். பதினாறு வயதில் இனி இந்தச் செடிகளுக்குள் கால் வைக்கமாட்டேன் என்று அம்மாவிடம் கத்திச் சபதம் போட்டவள் நான். சொந்த வீட்டுக்குப் பால் காய்ச்ச அதற்குள்ளேயே போய்க்கொண்டிருந்தேன்.

வேலியைப் பிரித்து உள்ளே போய், பின்கதவால் வீட்டுக்குள் நுழைந்தோம். பால் பொங்கியபோது நல்ல நேரம் முடிந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, சேலைக் கரையிலிருந்து அட்டைகளைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

வக்கீலிடம் போய்க் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "பிளான்ல பாதை காட்டல. ஆனா இருக்குன்னு நீங்கதான் சொன்னீங்க. லோன் எடுத்திருந்தா வங்கிக்காரங்களே இதப் பாத்திருப்பாங்க" என்றார். பதினெட்டு வருஷம் நடந்ததாலேயே உரிமை வந்துவிடாதாம், அது அனுமதியில் நடந்தது. போக வேறு வழியே இல்லை என்று வழக்குப் போடலாமாம். நில அளவைக்காரர் வரவேண்டும், சாட்சி வேண்டும், வருஷக்கணக்கில் இழுக்கும். லோன் எடுக்காமல் தப்பித்தோம் என்று அதுவரைக்கும் நான்தான் எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அந்த அக்காவிடம் நேரடியாகவே கேட்டுவிடுவது என்று போனேன். சண்டைக்குத்தான் போனேன், ஒளிக்க என்ன இருக்கிறது? பஸ்ஸில் வரும்போதே நாலு வார்த்தையைப் பொறுக்கி வைத்திருந்தேன். அவள் கதவைத் திறந்து, "உள்ள வா" என்றாள். சோபாவைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. தேநீர் கொண்டுவந்து வைத்தாள். நான் தொடவில்லை.

"நீ எந்தத் தோட்டம்?" என்றாள்.

சொன்னேன்.

"நான் அதுக்கு அடுத்த தோட்டம். லயத்துல கடைசிக் காம்பரா எங்களது, பீலிக்கிட்ட. தண்ணி புடிக்கப் போறவுக எல்லாம் என் வாசலாலதான் போவாக. நான் வயசுக்கு வந்து குந்தியிருக்கும்போதும் போனாக. எங்கப்பாவ பெட்டியில வச்சிருக்கும்போதும் கொடத்தத் தூக்கிக்கிட்டு தாண்டிப் போனாக." அவள் குரல் உயரவே இல்லை. "பொறகு வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனேன். பதினொரு வருஷம். அந்த வீட்டுல எனக்கு அறை கெடையாது. குசினிக்கும் ஹோலுக்கும் நடுவுல நடை இருக்கும்ல, அதுல பாய் போட்டுப் படுப்பேன். ராவெல்லாம் என்னத் தாண்டித் தாண்டி தண்ணி குடிக்கப் போவாக. ஒருத்தரு காலு பட்டா எந்திருச்சு நகந்து படுக்கணும். அப்ப நெனச்சேன், நான் ஒரு எடம் வாங்குவேன், அந்த எடத்துல ஒரு மனுசன் என் அனுமதி இல்லாம நடக்கப்படாது. காசு தாறேன்னு சொல்லாத. ஒம் மேல கோவம் இல்ல. ஆனா இனி என் வாசலால ஒருத்தரும் நடக்கக் கூடாது."

தகரத்தைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய அதிர்ச்சி அந்தச் சோபாவில்தான் வந்தது. அவளை மோசக்காரி என்று நினைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் அவள் நான். சுவரைத் தட்டிக் காது வைத்துப் பார்த்தேனே, அதையே அவள் தகரத்தாலும் முள்ளுக்கம்பியாலும் செய்திருக்கிறாள். அந்த இடத்தில் நான் இருந்தால் மாஸ்டரைக்கூட விட்டிருப்பேனா என்பது சந்தேகம். ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தேன். "வாறேங்க்கா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, என் வீட்டுக்குப் போக பேக்கரியைத் தாண்டி, பாலத்தடி வரை போய், மலையைச் சுற்றி நடந்தேன். அவள் கதவிலிருந்து என் கதவுக்கு இருபது அடி. எனக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. அரை மணி நேரம் நடக்கச் சொன்ன டொக்டரை நன்றாகத் திட்டிக்கொண்டே ஏறினேன்.

அந்த வழியும் இரண்டு வாரம்தான். ஒரு காலை, நான் வேலைக்கு இறங்கும்போது, மலைக்கு மேலே கைத்தடியோடு கண்டாக்கு ஐயா நின்றிருந்தார். தோட்டத்தில் வெளி வேலையை மேற்பார்க்கிறவர். அம்மாவைப் பல வருஷமாகத் தெரிந்தவர். என்னோடு பேசாமல் கீழே இறங்கி வந்து, வேலிக்கு வெளியே நின்று அம்மாவைக் கூப்பிட்டார், நானும் திரும்பி வந்தேன்.

"மலையில கொழுந்து களவு போவுது. வெளியாளு நடமாட்டம் கூடாதுன்னு தொரை கண்டிசனா சொல்லிட்டாரு. தோட்டத்துல பேரு உள்ளவங்க, அவுங்க வீட்டாளுங்க போகலாம் வரலாம். நீங்கதான் பேரு வெட்டிட்டீங்களே. நான் என்னம்மா செய்ய?"

முன்னால் தகரம், பின்னால் தேயிலை, நடுவில் எங்கள் சொந்த வீடு. உறுதி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. வேலைக்குப் போக வழி இல்லை. ஏதாவது சொல்லுங்கள் என்று என் புருஷனைப் பார்த்தேன். அவர் கண்டாக்கு ஐயாவின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். துவாயில் கையைத் துடைத்தாள்.

"அப்ப ஏம் பேரப் போடுங்கய்யா" என்றாள்.

"என்னம்மா வெளையாடுறீங்க? பேரு வெட்டின ஆளு நீங்க."

"கைக்காசுக்கு ஆளு தேடுறதா நேத்துகூட லயத்துல சொன்னாங்க. நான் வாறேன். கெழவி பறிக்கிற கொழுந்துக்கும் நிறை உண்டுல்ல?"

கண்டாக்கு ஐயா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அன்றாடக் கூலிக்கு வருகிறவர்களுக்கும் அன்றன்று பதிவில் பேர் விழும் என்பது உண்மைதான். "ஒழுங்கா வரணும்" என்றார் கடைசியில். "நாலு நாளு வந்துட்டு நின்னுட்டா தொரைக்கு நான் பதில் சொல்ல முடியாது."

நான் வேண்டாம் என்று சண்டை போட்டேன். அம்மாவிடம் அன்று பேசிய மாதிரி வாழ்நாளில் பேசியதில்லை. முழங்கால் வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது, இரத்தம் எடுத்துப் பார்த்தவளே நான்தான், எனக்குத் தெரியாதா என்றேன். அவள் பழைய படங்குச் சாக்கைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்தாள். இடுப்பில் கட்டுகிற அந்தச் சாக்கை லயத்திலேயே போட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தேன். எப்படியோ ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அம்மா பின்கதவைத் திறந்துகொண்டு பெரட்டுக்குப் போனாள். காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம் அது. அவள் பேர் விழுந்த பிறகு நான் பையை மாட்டிக்கொண்டு அதே தேயிலைக்குள் இறங்கி ஹட்டன் பஸ்ஸைப் பிடிப்பேன். என் புருஷன் வேனுக்குப் போவார். ஜன்னலுக்குத் துணி போடவில்லை. துணி போட்டால் அம்மா எந்த நிரையில் நிற்கிறாள் என்று தெரியாது. வழக்குப் போட்டிருக்கிறோம், இரண்டு தவணை தள்ளியாயிற்று. முன்வீட்டு அக்காவை ரோட்டில் கண்டால் இப்போது அவள்தான் முதலில் சிரிக்கிறாள். தகரத்துக்கு நீலப் பெயின்ட் அடித்துவிட்டாள்.

போன மழைக்கு அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் படுக்கையில் கிடந்தாள். நாலாம் நாள் விடியக்காலை சத்தம் கேட்டு எழுந்து வந்து பார்த்தால், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று படங்கைக் கட்டப் பார்க்கிறாள். முடிச்சு விழவில்லை. தொட்டேன், உடம்பு கொதிக்கிறது.

"படும்மா" என்றேன்.

"மூணு நாளுக்கு மேல வராட்டி பேர எடுத்துருவாங்க. இன்னிக்கு நாலாம் நாளு" என்றாள். "இன்னிக்கும் ஏம் பேரு விழலேன்னா நீ எப்புடி வேலைக்குப் போவ? அவரு எப்புடிப் போவாரு?"

நாற்பது வருஷம் காம்பராவுக்காகப் பேர் கொடுத்தவள். இப்போது உறுதி உள்ள வீட்டின் பாதைக்காகக் கொடுக்கிறாள். சொந்த வீடு வாங்கி அம்மாவை உட்கார வைத்துச் சோறு போடுவேன் என்று ஊரெல்லாம் சொன்ன மகள் நான். வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது.

அவளைப் பிடித்துக் கட்டிலில் படுக்கவைத்து, போர்த்திவிட்டு, இரண்டு பனடோல் மாத்திரை கொடுத்தேன். ஆய்வுகூடத்துக்குப் போன் போட்டு இன்றைக்கு வரமாட்டேன் என்றேன். பிறகு படங்கை எடுத்து என் இடுப்பில் கட்டினேன். எனக்கும் முடிச்சு விழவில்லை. அம்மா படுத்தபடியே, "இடப்பக்கமாச் சுத்துடி" என்றாள். என் புருஷன் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரட்டுக் களத்தில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்னோடு பள்ளிக்கூடம் போனவள் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கண்டாக்கு ஐயா புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அம்மாவின் பேர் வந்தது. கூப்பிட்டுவிட்டு நிமிர்ந்து கூட்டத்தில் அம்மாவைத் தேடினார்.

"இருக்கேங்கய்யா" என்றேன்.